கீழே என்றால் சேலம்

சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "மேகத்தில்" என்கிறீர்கள். சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறீர்கள். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நான் முதன்முதலாகத் தனிப்பொறுப்பில் பார்த்துக்கொண்ட யுனிக்ஸ் கம்ப்யூட்டர்ப் பெட்டி நிஜமாகவே மேகத்துக்குள் இருந்தது. ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூரில், ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசின் மேற்கு ஜன்னலோரம். ஜன்னலைச் சாத்த மறந்தால் மேகம் உள்ளே வந்து கீபோர்டில் உட்காரும். மறுநாள் ஓர் எழுத்தை அழுத்தினால் மூன்று விழும். பழந்துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்போம்.

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு, போதும் என்று முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்புகிற அன்று, "எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றீர்கள். கட்டளைகளை எழுதப் போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன, என்னைவிடத் தெளிவாக. நான் எழுத நினைப்பது ஒரு சொல்லைப் பற்றி. 'இறக்கு' என்ற சொல். அதை நான் வேலையிடத்தில் வாயால் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நெட்வொர்க் அடாப்டர் என்பது உங்களுக்குத் திரையில் ஒரு பெயர். எங்களுக்கு அது கையில் எடுத்துப் பார்க்கிற பொருள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, ஓர் ஓரத்தில் தங்கப் பற்கள், இன்னோர் ஓரத்தில் மிளகு பருமனில் ஒரு விளக்கு. கார்டு என்போம். பெட்டியைத் திறந்து அதன் சந்தில் அழுத்திச் செருகினால் 'டக்'கென்று பிடிக்கும். விளக்கு பச்சையாக எரிந்தால் மலை சேலத்தோடு பேசுகிறது என்று பொருள். தோட்டத்துக் கூரையில் ஓர் ஆன்டெனா, சேலத்தில் எங்கள் வாடிக்கையாளரின் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் ஆலை மாடியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வெறும் காற்று, கொஞ்சம் மேகம், எப்போதாவது ஒரு பருந்து.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள மலையில் ஒருவர் இருந்தார். மாதம்மாள். தலைச்சோலை ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்பேன். முதலில் கொட்டை பொறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே பறக்கும் தொலித்தூசி அவருக்கு இழுப்பைக் கொண்டுவந்தது. தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, தோட்டத்து டெலிபோன் போர்டில் உட்கார வைத்தார்கள். கணக்கெழுதும் ரைட்டர் அறை, பழம் அரைக்கும் மிசின் கொட்டகை, மேனேஜர் பங்களா என்று எல்லாவற்றையும் கயிறு செருகிக் கோத்துவிடும் கறுப்புப் பலகை அது. பன்னிரண்டு வருடம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நேரடி டெலிபோன்கள் வந்ததும் போர்டு கிடங்குக்குப் போனது. அப்போது மேனேஜர் சொன்னாராம்: "அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காரு. ஆறு மாசம் பார்க்கலாம். இல்லேன்னா கொட்டகைதான்."

நான் சொல்லப் போகிற நாள், அந்த ஆறாவது மாதத்தின் கடைசி வாரம்.

போர்டிலிருந்து மாதம்மாக்கா இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, போனில் யார் என்ன வேலை சொன்னாலும் ஒரு நீள நோட்டில் மணி போட்டு எழுதுவார். சொன்னபடியே எழுதுவார். நான் ஒரு தடவை, "சுருக்கமா எழுதிக்கலாமேக்கா" என்றேன்.

"சுருக்கினா எம்பட வார்த்தை ஆயிருமுங்க சார். உங்குளுது உங்குளுதாவே இருக்கட்டும்."

மற்றது, லைனில் காதில் விழுந்ததை வேறொருவரிடம் சொல்ல மாட்டார். மேனேஜர் பங்களாவில் யார் யாரைத் திட்டினார்கள், எந்த ரைட்டர் எந்த ஊரில் பெண் பார்க்கிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஊரில் யாருக்கும் தெரியாது.

அவருக்காக ஒரு தாள் எழுதி மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தேன். இரண்டே வரி. 'நிறுத்த' என்று எழுதி, அடியில் கார்டை நிறுத்தும் கட்டளை. 'ஓட்ட' என்று எழுதி, அடியில் கார்டை ஓட்டும் கட்டளை. பக்கத்தில் இருந்து நாலு தடவை அடிக்கவைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய மாதம் இடி விழுந்து கார்டு கருகிப் போயிருந்தது. "கழட்டிக் கீழே அனுப்பிருங்கக்கா" என்றேன். பெட்டியை அமர்த்தி, மின்சாரம் நின்ற பிறகு கார்டைக் கழற்றி, பஸ்ஸில் கொடுத்துவிட்டார். நான் சேலத்தில் வாங்கிக்கொண்டு, புதுக் கார்டை அதே பஸ்ஸில் மேலே அனுப்பினேன். சேர்வராயன் மலையில் 'கீழே' என்பது ஒரு திசை இல்லை. அது ஓர் ஊர். "தம்பி எங்கே?" "கீழே போயிருக்கான்." "அம்மாவுக்கு எப்படி?" "கீழே ஆஸ்பத்திரில சேத்திருக்குது." இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே என்ன இருந்தாலும் அது கீழே. கரடியூர் பாறை மேல் நின்று பார்த்தால் இரும்பாலைப் புகையோடு மங்கலாகத் தெரிகிற அத்தனையும் கீழே. எனக்கு இது தெரியும். தெரிந்தவன்தான் மறந்தேன்.

அன்று காலை பத்து மணிக்கு ஆலை மாடியில் இருந்தேன். மேனேஜர் முந்தின நாளே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மதியம் ஒரு மணிக்கு, தோட்டத்துக்கும் ஆலைக்கும் சொந்தக்காரரான முதலாளியம்மா வருகிறார். எழுபதைத் தாண்டியவர். மலையில் அன்று பெய்த மழை, அன்று வேலைக்கு வந்த ஆட்கள், அன்று பறித்த பழம் எல்லாம் சேலத்துத் திரையில் தெரிவதைப் பார்த்துவிட்டு, மலை ஆபீசில் இந்தப் பெட்டிக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டுமா என்று முடிவு சொல்வார். வேண்டும் என்றால் மாதம்மாக்காவுக்கு நாற்காலி. வேண்டாம் என்றால் தூசி.

ஆலையில் அந்த வாரம் எல்லா இயந்திரங்களின் நெட்வொர்க் முகவரியையும் மாற்றியிருந்தோம். மலைக் கார்டுக்கும் புது முகவரி கொடுக்க வேண்டும். சேலத்தில் இருந்தபடியே மலைப் பெட்டிக்குள் நுழைந்தேன். முகவரி மாற்றும் முன் கார்டை ஒரு தடவை நிறுத்திவிடுவது சுத்தம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கட்டளையை அடித்தேன். கடைசிச் சொல், டவுன். என்டர் தட்டினேன்.

திரை அப்படியே நின்றது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் மலையோடு பேசிக்கொண்டிருந்ததே அந்தக் கார்டின் வழியாகத்தான். அதை நிறுத்தச் சொன்னேன், நின்றது. மறுபடி ஓடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உத்தரவுக்கு அவ்வளவு பணிவாக நடக்கும் ஒரு சாமானை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொலைவில் இருக்கும் கார்டைத் தொடுகிறீர்களா? நிறுத்துவதையும், மாற்றுவதையும், திரும்ப ஓட்டுவதையும் ஒரே தாளில் எழுதி அந்த இயந்திரத்தின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நீங்கள் இல்லாமலும் அது திரும்பி எழுந்துகொள்ள வேண்டும். இது கையேட்டிலும் இருக்கிறது. நான் படித்திருக்கவில்லை.

போனை எடுத்தேன்.

"மாதம்மாக்கா, நான்தாங்க."

"சொல்லுங்க சார். ஏனுங்க குரலு இப்பிடி இருக்குது? காலைல சாப்பிடலீங்களா?"

"கார்டு பாதில நிக்கறாப்பல இருக்குதுங்க. அதை முழுசா கீழே எறக்கிருங்க. அப்புறமா மேலே ஏத்திக்கலாம்."

"கார்டைங்களா?"

"ஆமாங்க, கார்டைத்தான்."

"கீழே எறக்கோணும்."

"கீழே எறக்கோணும். கொஞ்சம் சீக்கிரமா."

"சரிங்க. கார்டை முழுசா கீழே எறக்கோணும், அப்புறமா மேலே ஏத்திக்கலாம். எழுதிக்கிட்டேனுங்க."

அதற்குள் மேனேஜர் வாசலில் நின்று, "ஏம்ப்பா, அம்மாவுக்கு நாற்காலி எந்தப் பக்கம் போடறது, வெளிச்சம் கண்ணுல அடிக்குமா?" என்றார். அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லி போனை வைத்தேன். நாற்காலி போடப் போனேன்.

தாளில் நான் எழுதியிருந்தது நிறுத்த, ஓட்ட. வாயில் வந்தது இறக்கு, ஏற்று. டவுன், அப் என்று தலைக்குள் ஓடிய ஆங்கிலத்தை அவசரத்தில் அப்படியே கவிழ்த்துவிட்டேன். ஒரு வேலைக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு, வேறு பெயரில் அந்த வேலையைக் கேட்டேன்.

பதினோரு மணிக்கு மேசைமேல் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரை அழுத்தினேன். மேனேஜர் அறையின் அந்தக் கோடியில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், கார்டை எறக்கிட்டேனுங்க."

"நல்லதுங்கக்கா. ஸ்கிரீன்ல இப்ப என்ன வருது?"

"ஸ்கிரீனுங்களா? மிசினைத்தான் அமத்திட்டேனே. அமத்தாம கழட்டப்படாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"கழட்ட...?"

"பிஸ்கட் டப்பால வெச்சு மஞ்சப் பையில சுத்தி, பத்தே முக்கால் வண்டில குடுத்து உட்டுட்டேனுங்க. டிரைவரு சீட்டுக்குப் பக்கத்துல இருக்குது. பன்னெண்டரைக்கு முன்னாடியே கீழே வந்துருமுங்க. நீங்க ஸ்டாண்டுக்கு ஆளனுப்பினாப் போதும்."

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை நின்றது. அதற்கு முன் ஒருநாளும் அது அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

கழற்றியது, வண்டியில் விட்டது என்று அரைகுறையாகக் காதில் விழ, மேனேஜர் வந்து மேசைமேல் குனிந்தார். "மாதம்மா, யாரு உன்னைக் கழட்டச் சொன்னது?"

"லைன்ல வந்ததுங்க தொரை."

"லைன்ல யாரு?"

"லைன்ல வந்ததச் சொல்லிப் பழக்கமில்லீங்க."

"பழக்கமில்லையா? முதலாளியம்மா ஒரு மணிக்கு வர்றாங்க. இங்க வெறும் திரையைக் காட்டச் சொல்றியா? நீ பார்த்தது போதும். நாளையிலிருந்து கொட்டகைக்குப் போயிரு."

"சரிங்க தொரை" என்றது ஸ்பீக்கர்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பார்த்தியாப்பா. யாரோ விளையாட்டுக்குச் சொன்னதைக் கேட்டுக் கழட்டியிருக்குது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். "நான்தாங்க சொன்னேன்." மூன்று வினாடி போதும். எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு மாதம். எங்கள் சின்னக் கம்பெனிக்கு இந்தத் தோட்டம்தான் பெரிய வாடிக்கை. அந்த மூன்று வினாடியை இதையெல்லாம் நினைத்துத் தீர்த்தேன். பிறகு சொன்னேன்: "நானே போயி கார்டை வாங்கி மாட்டிட்டு வந்தர்றனுங்க." அது பொய் இல்லை. அதனாலேயே எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. தப்பை மறைக்கப் பொய் வேண்டியதில்லை, சுறுசுறுப்பு போதும் என்று அன்று கற்றேன்.

ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, விஷயத்தைச் சொன்னேன். கீழே வரும் நாகலூர் வண்டியை வழியில் நிறுத்த வேண்டும்.

"கார்டுன்னா? ரேசன் கார்டுங்களா?"

"கம்ப்யூட்டர் கார்டுங்க."

"அது இல்லீன்னா?"

"ஒரு அக்காவுக்கு வேலை போயிருமுங்க."

அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். அடிவாரம் தாண்டி மூங்கில் முடிந்து, முதல் வளைவில் வண்டி மூச்சு வாங்கித் திரும்பியது. வளைவுக்கு வளைவு காற்று ஒரு சட்டை மாற்றிக்கொண்டது. வெயில், பிறகு வெயில் இல்லாத வெளிச்சம், பிறகு ஈர மண் வாசனை. எனக்கு அந்தப் பாதையில் எப்போதும் பாட்டு வரும். அன்று வரவில்லை. "சரிங்க தொரை" என்ற குரலே ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பித் திரும்பி வந்தது.

ஒன்பதாவது வளைவில் நாகலூர் வண்டி மேலிருந்து வந்தது. எங்கள் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். இரண்டு பஸ்ஸும் ஜன்னலோடு ஜன்னல் உரசுகிற மாதிரி நின்றன.

"ஏனப்பா, மஞ்சப் பை ஒண்ணு வெச்சிருக்கியாமா?"

"மாதம்மா குடுத்ததுங்களா? இருக்குது. கீழே ஆளு வந்து வாங்கிக்குவாங்கன்னு சொல்லுச்சு."

"ஆளு மேலேயே வந்துட்டாரு. குடு."

நாகலூர் டிரைவர் பையை நீட்டியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். "போன மாசமும் இதே பையி. எறக்கச் சொல்றதும் நீங்க, ஏத்திக்கிட்டுப் போறதும் நீங்க. சும்மா கெடக்கற சாமானை ஏனுங்க இந்தப் பாடு படுத்தறீங்க?" இரண்டு பஸ்ஸும் சிரித்தன. பின்னால் பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "என்னுங்க அது, மருந்துங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். மடியில் வைத்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தால், கார்டின் தங்கப் பற்கள் படாமல் வெள்ளைத் துணியை நாலு மடிப்பு மடித்து வைத்திருந்தார். கைக்குட்டை. ஓரத்தில் நீல நூலில் தையல் வேலை.

ஏற்காட்டில் இறங்கி ஜீப் பிடித்து நாகலூர் போய்ச் சேர்ந்தது ஒரு மணிக்குச் சற்று முன். மழை இல்லை, மேகம்தான். சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்துக்கு மேல் காணாமல் போயிருந்தன. மாதம்மாக்கா ஆபீஸ் வாசலிலேயே நின்றார். பெட்டியின் மூடியைக் கழற்றி, திருகாணிகளை ஒரு டீ சாசரில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"நீங்க எறக்கச் சொன்னது வேறயாட்டம் இருக்குதுங்களே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "உங்க சத்தம் லைன்ல அப்பிடியே நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தாள்ல இருக்கற 'நிறுத்த'தானுங்க நான் சொன்னது."

"அப்ப நிறுத்தச் சொல்லியிருக்கலாமுங்களே?"

கார்டை எடுத்துச் செருகினேன். பெட்டியை ஓட்டினேன். எழுந்தது, ஆனால் கார்டைக் காணோம் என்றது. விளக்கு எரிகிறது, இயந்திரம் தெரியாது என்கிறது. மறுபடி அமர்த்தி மறுபடி ஓட்டினேன். காணோம். மணி ஒன்று இருபது. கீழே முதலாளியம்மா வந்திருப்பார். கோப்புகளைத் திறந்து கண்டதை மாற்றப் போனேன்.

"சார்" என்றார் அக்கா. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "கழட்டறப்ப எழுதி வெச்சனுங்க. அடியிலிருந்து ரண்டாவது சந்து. நீங்க மூணாவதுல மாட்டியிருக்கீங்க."

அதேதான். சந்து மாறினால் அந்தப் பழைய பெட்டி அதே கார்டை வேறு ஆளாக நினைத்து வேறு எண் கொடுத்துவிடும். பழைய எண்ணுக்கு எழுதிய முகவரி அனாதையாக நிற்கும். எனக்குத் தெரிந்த விஷயம். பதற்றத்தில் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. கையில் இருப்பது எழுதி வைத்தது மட்டும்தான்.

சந்தை மாற்றி, புது முகவரியைச் சேர்த்தேன். கடைசிக் கட்டளையை நான் அடிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க அடிங்கக்கா" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், 'ஓட்ட' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார், ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மிளகு விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. மணி ஒன்று நாற்பது.

எதையோ தேடுகிறவன் போல அவருடைய நோட்டைக் கையில் எடுத்தேன். அன்றைய பக்கம். முத்து முத்தான எழுத்து.

'10.15. கீழே ஆலையிலிருந்து கம்ப்யூட்டர் சார். கார்டு பாதில நிக்கறாப்பல இருக்குது. அதை முழுசா கீழே எறக்கிருங்க. அப்புறமா மேலே ஏத்திக்கலாம். சீக்கிரமா.'

"இதைத் தொரைகிட்டப் படிச்சுக் காட்டியிருந்தா உங்களை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரேக்கா."

"போர்டுல உக்காந்தவளுங்க நானு. லைன்ல வந்தது லைனோட." சாசரைத் துடைத்தபடி சொன்னார்: "கொட்டகையும் பாத்த எடந்தானுங்க. மூக்குல துணி கட்டிக்கலாம்."

அப்போது போன் அடித்தது. மேனேஜர். இந்த முறை அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் இருந்தது, சிரிப்புச் சத்தமெல்லாம் கேட்டது. "வந்துருச்சுப்பா! அம்மா பார்த்துக்கிட்டு இருக்காங்க. மழைக் கணக்குகூடத் தெரியுது. நல்ல நேரத்துல காப்பாத்தினே. அந்தம்மாவை மட்டும் இனிமே மிசினைத் தொட உடாதே."

நான் காப்பாற்றினேனாம்.

நோட்டை என் பக்கம் இழுத்தேன். மாதம்மாக்கா பக்கத்தின் மேல் கையை வைத்தார். "வேண்டாமுங்க" என்று உதட்டசைவில் சொன்னார். போனின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்: "லைன்ல கேட்டவங்க சொல்லக்கூடாது. சரிங்க. லைன்ல பேசினவனே சொன்னா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது. பிறகு கையை எடுத்தார்.

"பேசினவரு சொல்லலாமுங்க."

படித்தேன். மணியோடு, 'சீக்கிரமா' வரைக்கும். பிறகு காலையில் சேலத்திலிருந்து கார்டை நிறுத்திவிட்டு நானே மாட்டிக்கொண்டதையும், அக்காவைக் கொட்டகைக்குப் போகச் சொன்னபோது பேசாமல் நின்றதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு வயதான குரல் வந்தது. முதலாளியம்மா. "ஏந்தம்பி, கீழே எறக்குன்னு சொல்லிட்டு, அவ எறக்கிட்டான்னு அவளைத் திட்டினீங்களா?"

"ஆமாங்கம்மா."

"நான் பொறந்து வளந்ததே அந்த நாகலூர் பங்களாலதான். கீழேன்னா எனக்கும் சேலந்தான். நானா இருந்தாலும் பஸ்ல போட்டு உட்டிருப்பேன்." பிறகு மேனேஜரைப் பார்த்துச் சொல்வது போல, "சொன்னதை எழுதி வெக்கற ஆளை எதுக்குங்க கொட்டகைக்கு அனுப்பறது? அவ அங்கேயே உக்காரட்டும்."

மாதம்மாக்கா நின்றபடியே இருந்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறவர் போல உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேனாவை எடுத்தார். நான் பேசியது அத்தனையையும் மணி போட்டு எழுத ஆரம்பித்தார்.

ஸ்பீக்கர் அணைந்து மேனேஜர் மட்டும் லைனில் இருந்தார். குரலை உயர்த்தவில்லை. "நாளையிலிருந்து உங்க கம்பெனில வேற ஆளை அனுப்பச் சொல்லிடறேன். நீ இனி மேலே வர வேண்டாம்." நான் சரிங்க என்றேன். காலையில் ஸ்பீக்கரில் கேட்ட அதே 'சரிங்க'. எங்கிருந்து கற்றேன் என்று தெரிந்தது.

கிளம்பும்போது மானிட்டரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இதுல வேற ஏதாச்சும் எழுதணுமாக்கா?" என்றேன்.

"இது சரியாத்தானுங்க இருக்குது. உங்க வாயிலதான் ஒட்டோணும்" என்றார். சிரித்துவிட்டோம். டப்பாவை நான் திருப்பிக் கொடுக்க, கைக்குட்டையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ கார்டுகள், எத்தனையோ ஊர்கள், கண்ணால் பார்க்காத நாடுகளில் எல்லாம் இயந்திரங்கள். நிறுத்த, ஓட்ட என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். நான் ஏன் பேசுவதை எல்லாம் எழுதச் சொல்லி உங்கள் உயிரை எடுத்தேன் என்று கேட்டீர்களே. இதற்குத்தான். எங்கோ ஒரு மழைநாளில் ஈர மண் வாசனை வந்தால் இன்னும் எனக்கு ஒன்பதாவது வளைவு வந்துவிடும். ஜன்னலோடு ஜன்னல் நின்ற இரண்டு பஸ்கள், நடுவே நீண்ட ஒரு மஞ்சள் பை.

அன்று மாலை நாலரை மணிக்கு நாகலூரில் நின்றது, காலையில் என்னை ஏற்காட்டுக்கு ஏற்றிவந்த வண்டி, மாலையில் நாகலூர் வரை வருமாம்; அதே டிரைவர். படியில் கால் வைத்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னுங்க சார், கார்டு ஏறிருச்சுங்களா?"

"ஏறிருச்சுங்க."

"அக்காவுக்கு வேலை?"

"இருக்குதுங்க."

கியரைப் போட்டார். மேகம் விளக்கு வெளிச்சத்தில் வழிவிட்டது.

"அப்பச் சரி. நீங்கதான் எறங்கறீங்க."